பள்ளிவாசல் நலன்புரிச் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாவலப்பிட்டியிலிருந்து மேலே ஹட்டன் பக்கம் போகும் பாதையில், நகரங்களிலும் தோட்டங்களுக்குள் சிதறியும் வாழும் முஸ்லிம் குடும்பங்களுக்காக இயங்கும் சிறிய சங்கம் எங்களுடையது. ஜனாஸா வேலைக்காக, அதாவது இறந்தவரைக் குளிப்பாட்டி அடக்கும் வேலைக்காக, தொடங்கினோம். அப்புறம் ஸகாத் (வசதியுள்ளவர் வருடந்தோறும் கொடுக்க வேண்டிய கட்டாயத் தருமம்), படிப்புச் செலவு, வைத்தியசாலைப் பயணம், காரியாலய வேலை என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துகொண்டது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து செருப்பைத் தேடும் நேரத்தில் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எழுதிவைத்திருக்கிறோம். மார்க்கத் தீர்ப்பு வேண்டியவர்கள் மௌலவியிடம் போக வேண்டும். நாங்கள் சொல்வது நடைமுறையை மட்டும்தான்.

சந்தா கட்டாதவர்களுக்கும் உதவி உண்டா?

உண்டு. சந்தா என்பது சங்கத்தை ஓட்டுவதற்கான பணம், காப்புறுதிக் கட்டணம் அல்ல. சந்தா பாக்கி என்பதற்காக ஒரு ஜனாஸாவை யாரும் நிறுத்திவைக்கப் போவதில்லை. வசதி இருந்தும் கட்டாதவர்கள் யார் யார் என்பது பொருளாளருக்குத் தெரியும். அவர் வாய் திறக்கமாட்டார்.

சோனகர், மலாயர், மேமன், தோட்டத்தில் பிறந்து வளர்ந்த இந்திய வம்சாவளி முஸ்லிம்கள், கடை வேலைக்கு வேறு ஊரிலிருந்து வந்தவர்கள், புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் என எல்லோரும் வரலாம். தப்லீக்கா, தவ்ஹீதா, தரீக்காவா, எந்தக் கூட்டம் என்று கேட்கும் கட்டம் எங்கள் விண்ணப்பத்தில் இல்லை. அதை யாராவது வாயால் கேட்டால் செயலாளரிடம் சொல்லுங்கள்.

வீட்டில் மௌத் (மரணம்) நடந்தால் முதலில் யாருக்குச் சொல்ல வேண்டும்?

பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் முஅத்தினுக்கும் கிராம உத்தியோகத்தருக்கும். பலர் முதலாமவரோடு நிறுத்திவிடுகிறார்கள். ஜனாஸாவை அன்றே அடக்கிவிடலாம், ஆனால் காகிதம் பின்னால் துரத்தும். வீட்டில் நடந்த இயற்கை மரணத்துக்குக் கிராம உத்தியோகத்தரின் அறிக்கை வேண்டும். அதை வைத்துத்தான் பதிவாளர் மரணத்தைப் பதிவார். மரணத்தை ஐந்து நாளுக்குள் அறிவிக்க வேண்டும். மூன்று மாதம் தாண்டினால் சத்தியக்கூற்று, கூடுதல் ஆவணம் என்று வேலை நீளும். மரணச் சான்றிதழ் இல்லாமல் சேமலாப நிதி, வங்கிக் கணக்கு, காணி எதுவும் அசையாது.

வைத்தியசாலையில் இறந்தால் அங்கிருந்தே படிவம் வரும். விபத்து, விழுதல், காரணம் தெரியாத திடீர் மரணம் என்றால் பொலிஸும் திடீர் மரண விசாரணை அதிகாரியும் வந்தே ஆக வேண்டும். பிரேதப் பரிசோதனைக்கும் உத்தரவிடலாம். "எங்கள் ஆட்களுக்கு அறுக்கக் கூடாது" என்று வைத்தியசாலை வாசலில் சத்தம் போடுவதால் ஜனாஸா சீக்கிரம் கிடைக்காது. எங்கள் ஆள் ஒருவர் கூட வந்து, அன்றே அடக்க வேண்டிய அவசியத்தை அமைதியாக எடுத்துச் சொன்னால் பெரும்பாலும் வரிசையில் முன்னே எடுத்துக்கொள்கிறார்கள். பிரேத அறை ஊழியர்களுக்கு நம் அவசரம் நன்றாகவே தெரியும்.

உடலைச் சுற்றும் கபன் துணி (ஆணுக்கு மூன்று துண்டு, பெண்ணுக்கு ஐந்து), உடலைச் சுமக்கும் சந்தூக், குளிப்பாட்டும் பலகை, கப்ரை (புதைகுழியை) மூடும் பலகைகள் எல்லாம் சங்கத்தின் அறையில் எப்போதும் தயாராக இருக்கும். பெண் ஜனாஸாவைக் குளிப்பாட்டப் பெண்கள் குழு தனியாக உண்டு.

நாங்கள் தோட்டத்து லயத்தில் (தொழிலாளர் வரிசை வீட்டில்) இருக்கிறோம். பள்ளிவாசலும் மையவாடியும் (அடக்கத்தலமும்) தூரம். அங்கும் வருவீர்களா?

சங்கம் தொடங்கியதே இதற்காகத்தான். நகரத்தில் இருப்பவருக்கு மௌத்து வந்தால் பக்கத்து வீட்டார் பத்துப் பேர் கூடிவிடுவார்கள். தோட்டத்தில் ஒரு லயத்தில் ஒரே ஒரு முஸ்லிம் குடும்பம் இருக்கும். குளிப்பாட்டத் தெரிந்தவர் யாரும் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். பக்கத்துக் காம்பராக்களில் இருக்கும் தமிழ்ச் சகோதரர்கள்தான் தண்ணீர் சுமந்து, பந்தல் போட்டு, தேநீர் கொடுத்து எல்லாம் செய்வார்கள். அவர்களுக்குத் தெரியாதது ஜனாஸாவுக்குரிய முறை மட்டும்தான். அதற்கு நாங்கள் வருவோம்.

தகவல் சொல்லும்போது மூன்று விஷயம் சொன்னால் போதும்: எந்தத் தோட்டம், எந்த டிவிஷன், வாகனம் எதுவரை வரும். மழைக் காலத்தில் கடைசிப் பகுதிக்கு வேன் ஏறாது. அங்கிருந்து சந்தூக்கைத் தோளில்தான் இறக்க வேண்டும், அதற்கேற்ற எண்ணிக்கையில் ஆட்களோடு வருவோம். தோட்டத்தில் நடந்த மரணத்தைத் தோட்ட நிர்வாகத்துக்கும் உடனே தெரியப்படுத்துங்கள், பதிவுக்கு அவர்களின் அறிக்கை தேவைப்படும்.

இன்னொன்று. "தோட்டத்திலேயே ஓரமாக அடக்கிவிடலாமே" என்று சிலர் கேட்கிறார்கள். காணி கம்பனியின் கையில் இருப்பது. இன்றைக்கு ஒரு துரை (தோட்ட முகாமையாளர்) வாயால் சம்மதித்தாலும் அடுத்து வருபவர் அந்த இடத்தில் கன்று நடலாம். பதிவுள்ள மையவாடிக்குக் கொண்டு போவதே நல்லது.

தொற்று நோயில் இறந்தால் இப்போதும் எரித்துவிடுவார்களா?

இல்லை. வயதானவர்கள் இன்னும் இதைக் கேட்கிறார்கள், கேட்பதில் நியாயம் இருக்கிறது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி கொவிட் மரணங்கள் எல்லாவற்றையும் தகனம் செய்யச் சொன்னது. அடக்கம் செய்யலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லியிருந்தும் அதுதான் நடந்தது. 2021 பெப்ரவரி 25 அன்று அது திருத்தப்பட்டது. ஆனால் அடக்கம் செய்ய அனுமதித்த இடம் மட்டக்களப்பு மாவட்டத்தின் ஓட்டமாவடி, மஜ்மா நகர். மலையிலிருந்து அங்கே போய்ச் சேரவே ஒரு நாள் கழிந்துவிடும். 2022 மார்ச்சில் அந்தக் கட்டுப்பாடும் நீங்கியது. 2024 ஜூலையில் அமைச்சரவை இதற்காக மன்னிப்புக் கோரத் தீர்மானித்தது. இன்று எந்த நோயில் இறந்தாலும் சுகாதார அதிகாரிகள் சொல்லும் பாதுகாப்பு முறைகளோடு சொந்த ஊர் மையவாடியில் அடக்கலாம். நோய்க்குப் பயந்து வைத்தியசாலைக்குப் போகாமல் வீட்டில் ஒளிந்திருக்கத் தேவையில்லை.

ஜனாஸாவுக்கு எவ்வளவு கட்ட வேண்டும்?

ஒன்றும் கட்ட வேண்டாம். விரும்பினால் பிறகு தரலாம்.

கணவர் இறந்து இத்தாவில், அதாவது வீட்டோடு காத்திருக்கும் காலத்தில், இருக்கும் பெண்ணுக்கு என்ன உதவி?

நான்கு மாதம் பத்து நாள், கர்ப்பமாக இருந்தால் பிரசவம் வரை, அந்த வீட்டுக்கு அரிசி பருப்பு முதல் மருந்து வரை பார்த்துக்கொள்கிறோம். பெண்கள் குழுவிலிருந்து ஒருவர் வாரா வாரம் போவார்.

சாமானை விட முக்கியம் என்று நாங்கள் நினைப்பது காகித வேலை. இத்தா முடியட்டும் என்று எல்லாவற்றையும் தள்ளி வைப்பார்கள். அதற்குள் மூத்தாரும் கொழுந்தனும் காணி உறுதியையும் வங்கிப் புத்தகத்தையும் "பத்திரமாக" எடுத்து வைத்திருப்பார்கள். கணவர் தோட்டத்திலோ கம்பனியிலோ வேலை செய்திருந்தால் ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் கிடைக்க வேண்டும். அவர் தம் பெயரில் காணி விட்டுப் போயிருந்தால் 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின்படி பங்கு உண்டு: பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு எட்டில் ஒன்று, இல்லாவிட்டால் நான்கில் ஒன்று. இதற்கான படிவங்களை வீட்டுக்கே கொண்டு வந்து நிரப்பித் தருவோம். அவசியத் தேவைக்கு இத்தாவிலும் வெளியே போகலாம் என்றுதான் உலமாக்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்கிறார்கள், ஆகவே வங்கிக்கோ கிளினிக்குக்கோ போக வேண்டியிருந்தால் தயங்க வேண்டாம்.

அரசாங்க உத்தியோகத்தில் உள்ள முஸ்லிம் பெண்ணுக்கு இத்தாவுக்காகத் தனி விடுமுறை உண்டு. தனியார் நிறுவனங்களில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. முதலாளியிடம் பேச வேண்டுமானால் நாங்கள் பேசுகிறோம்.

எனக்கு ஸகாத் கடமையா?

கையில் உள்ள பணம், தங்கம், கடைச் சரக்கின் பெறுமதி எல்லாம் சேர்ந்து 85 கிராம் தங்கத்தின் விலையை எட்டி, ஒரு சந்திர வருடம் கழிந்திருந்தால் நூற்றுக்கு இரண்டரை. 85 கிராம் என்பது நம் கணக்கில் பத்தரைப் பவுனுக்குச் சற்றுக் கூட. பெண்கள் வழக்கமாக அணியும் நகைக்கு ஷாஃபிஈ மத்ஹபில் (மார்க்கச் சட்ட மரபில்) ஸகாத் இல்லை, ஹனஃபியில் உண்டு. இந்த ஒரு விஷயத்துக்காக மத்ஹப் மாற நினைப்பவர்கள் மௌலவியிடம் பேசட்டும்.

தேயிலைக் கொழுந்துக்கு ஸகாத் உண்டா?

சிறு தோட்டம் வைத்திருப்பவர்கள் வருடா வருடம் கேட்கிறார்கள். ஷாஃபிஈ மத்ஹபின்படி நெல்லைப் போல் சேமித்து வைத்து உண்ணும் அடிப்படைத் தானியங்களுக்குத்தான் விளைச்சல் ஸகாத். கொழுந்துக்கோ மிளகுக்கோ கராம்புக்கோ அப்படி இல்லை. ஆனால் கொழுந்து விற்ற பணம் கையில் தங்கி வருடம் கழிந்தால் மற்றப் பணத்தோடு சேர்த்துக் கணக்கிட வேண்டும். பெரும்பாலானோரின் பணம் பசளைக்கும் கூலிக்கும் போய்விடுகிறது என்பது எங்களுக்கும் தெரியும்.

கடையில் கடன் கொப்பி நிறைந்து கிடக்கிறது. அந்தக் கடனைத் தள்ளிவிட்டு ஸகாத் என்று கழித்துக்கொள்ளலாமா?

எங்களிடம் வரும் கேள்விகளில் சுவாரசியமானது இதுதான். தோட்டப் பாதையில் மளிகைக் கடை நடத்தும் எவரும் சம்பள நாள் வரை கடன் கொடுத்துத்தான் வியாபாரம் செய்கிறார். வராத கடனை ஸகாத்தாக எழுதிவிட்டால் கொப்பியும் சுத்தம், கடமையும் தீர்ந்தது என்று தோன்றும்.

பெரும்பாலான உலமாக்கள் இதை ஏற்பதில்லை. ஸகாத் என்பது கையிலிருந்து எடுத்து உரியவர் கையில் கொடுப்பது. வராது என்று ஏற்கெனவே கைகழுவிவிட்ட பணத்தை விடுவது கொடுப்பதாகாது. ஒரு வழி உண்டு: கடன்பட்டவர் ஸகாத் பெறத் தகுதியானவராக இருந்தால் ஸகாத் பணத்தை அவர் கையில் கொடுத்துவிடலாம். அவர் தாமாக விரும்பிக் கடனைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ளலாம். "தந்துவிட வேண்டும்" என்று நிபந்தனை போடக் கூடாது. அப்புறம், கொப்பியில் இருக்கும் கடன்களில் நிச்சயம் வரும் என்று நம்புபவற்றை உங்கள் சொத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும்.

கடனை மன்னிக்க விரும்பினால் ஸதகாவாக (விரும்பிச் செய்யும் தருமமாக) மன்னியுங்கள். கடன்காரர் எந்த மதத்தவராக இருந்தாலும் அது நன்மைதான். அதைச் செய்த கடைக்காரர்கள் இந்தப் பாதையில் இருக்கிறார்கள். 2022இல் சாமான் விலை தலைக்கு மேல் போனபோது சிலர் பழைய பக்கங்களைக் கிழித்தே போட்டார்கள்.

ஸகாத்தை நானே ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகிறேனே, சங்கம் எதற்கு?

கொடுங்கள், யாரும் தடுக்கவில்லை. ஆனால் நோன்பு காலத்தில் கடை வாசலில் நூறு நூறு ரூபாயாகக் கொடுப்பதைப் பற்றி எங்களுக்கு ஒரு கருத்து இருக்கிறது. வெயிலிலும் மழையிலும் பெண்களை வரிசையில் நிற்கவைத்து, நாள் முடிவில் அவர்கள் கையில் சேர்வது பஸ் கூலிக்குக் கொஞ்சம் மேல். அதே தொகைகளைச் சேர்த்து ஒரு குடும்பத்துக்குத் தையல் மெஷினாக, இன்னொருவருக்கு மரக்கறி வியாபாரத்துக்கு முதலாகக் கொடுத்தால் அடுத்த வருடம் அவர் வரிசைக்கே வரமாட்டார். ஸகாத் பெறத் தகுதியானவர்கள் என்று குர்ஆன் சொல்லும் எட்டுக் கூட்டத்தாரில் கடனில் மூழ்கியவரும் ஒருவர். அவர் ஒருபோதும் கடை வாசலில் நிற்கமாட்டார். அவரைத் தேடிப் போக ஆள் வேண்டும்.

பித்ரா அரிசி (நோன்புப் பெருநாள் தருமம்) தனி. ஒருவருக்குச் சுமார் இரண்டரைக் கிலோ, பெருநாள் தொழுகைக்கு முன் உரியவர் வீடு சேர வேண்டும். தோட்டங்களுக்கு அனுப்ப நேரம் எடுப்பதால் கடைசி இரவில் மூட்டையோடு வராமல் இரண்டு மூன்று நாள் முன்பே தாருங்கள்.

வங்கி வட்டிப் பணத்தைச் சங்கத்துக்குத் தரலாமா?

தரலாம், தனியாக எழுதித் தாருங்கள். ஸகாத்தோடும் ஸதகாவோடும் கலக்கமாட்டோம். பொதுக் கழிவறை, படிக்கட்டு, வடிகான் போன்ற பொது வேலைக்குத்தான் போகும். உங்களுக்கு அதில் நன்மையை எதிர்பார்க்க வேண்டாம் என்று மௌலவி சொல்லச் சொன்னார்.

முஸ்லிம் அல்லாதவர்களுக்கும் உதவுவீர்களா?

ஸகாத் நிதி பெரும்பான்மை உலமாக்களின் கருத்துப்படி முஸ்லிம்களுக்குரியது. ஸதகா, அனர்த்த நிவாரணம், வைத்தியசாலைப் பயணம், இரத்த தானம், சந்தூக் ஏற்றும் வேன் எல்லாம் எல்லோருக்கும்.

"நம் ஆட்களுக்கே போதவில்லை, இதில் மற்றவர்களுக்கா?" என்று கூட்டத்தில் ஒருவராவது கேட்பார். மலையகத்தில் நாம் எங்குமே தனித்து வாழவில்லை. ஒரு பக்கம் சிங்களக் கிராமம், ஒரு பக்கம் தோட்டம், நடுவில் நம் கடை வீதி. 1915 சிங்கள-முஸ்லிம் கலவரத்துக்கு வழிவிட்டது கம்பளையில் ஒரு பெரஹெர (பௌத்த ஊர்வலம்) பள்ளிவாசலைக் கடந்து போவது பற்றிய வழக்குத்தான். 2018 மார்ச்சில் திகன, தெல்தெனிய, அக்குறணைப் பக்கங்களில் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன, அவசரகால நிலை பிறப்பிக்கப்பட்டது. அந்த நாட்களில் சில இடங்களில் பள்ளிவாசலுக்குக் காவலாக வந்து உட்கார்ந்தவர்களில் பிக்குகளும் இருந்தார்கள். இதையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டு "நல்லெண்ணத்துக்காக" சாமான் பொதி கொடுப்பது எங்களுக்குப் பிடிப்பதில்லை. பயத்தில் கொடுத்தால் வாங்குபவருக்கும் அது தெரிந்துவிடும். அயலவருக்குத் தேவை இருக்கிறது, நம்மிடம் இருக்கிறது, கொடுக்கிறோம்.

உதவி வாங்கும்போது புகைப்படம் எடுப்பீர்களா?

இல்லை. முகநூலில் போடமாட்டோம், பதாகை பிடிக்கச் சொல்லமாட்டோம். வெளிநாட்டில் இருக்கும் ஒரு சில நன்கொடையாளர்கள் படம் கேட்பதுண்டு. பற்றுச்சீட்டும் கணக்கும் அனுப்புகிறோம். படம் இல்லாவிட்டால் பணம் இல்லை என்றால் அந்தப் பணம் வேண்டாம் என்பது நிர்வாகத்தின் முடிவு. இதனால் நிதி குறைந்தது உண்மை. ஆனால் முன்பு வராத குடும்பங்கள் வரத் தொடங்கியதும் உண்மை.

வட்டியில்லாக் கடன் தருகிறீர்களா?

கர்ழ் ஹஸனாகச் சிறு தொகைகள். இரண்டு பிணையாளர் வேண்டும். தொழிலுக்கு, அடகு வைத்த நகையை மீட்க, திடீர் மருத்துவச் செலவுக்குத் தருவோம். கைக்கூலிக்கும் (வரதட்சணைக்கும்) கல்யாண விருந்துக்கும் தரமாட்டோம். வீடு தேடி வந்து வாரா வாரம் வட்டி வசூலிக்கும் நுண்கடன்காரரிடம் கையெழுத்துப் போடும் முன் எங்களிடம் வாருங்கள், பின்னால் வந்தால் செய்யக்கூடியது குறைவு.

வெளிநாட்டு முகவருக்குக் கட்டவும் கடன் இல்லை. சவூதி, குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போகிறவர்கள் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போகிறார்களா என்று மட்டும் பாருங்கள். 1989க்கு அழைத்தால் முகவருக்கு அனுமதிப்பத்திரம் உண்டா என்று சொல்வார்கள்.

அரசாங்க வைத்தியசாலை இலவசம்தானே, மருத்துவ உதவி எதற்கு?

சிகிச்சை இலவசம், போய்ச் சேர்வது இலவசம் இல்லை. டிக்கோயாவிலிருந்தோ நாவலப்பிட்டியிலிருந்தோ கண்டிக்கு அனுப்புவார்கள், கண்டியிலிருந்து சிலரை மஹரகமை புற்றுநோய் வைத்தியசாலைக்கு. அதிகாலை கிளினிக்குக்கு முதல் நாளே போய்த் தங்க வேண்டும். கூடப் போகிறவரின் அன்றைய சம்பளம் போய்விடும். வெளியே எடுக்கச் சொல்லும் ஸ்கேனும் கையிருப்பில் இல்லாத மருந்தும் வேறு. இவற்றுக்குத்தான் பணம். அவசரமென்றால் முதலில் 1990 அம்புலன்ஸ், அது இலவசம். எங்கள் வேனுக்காகக் காத்திருக்க வேண்டாம்.

மனம் சரியில்லாதவர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓதிப் பார்ப்பதை நாங்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை. வைத்தியரிடமும் போங்கள். 1926 என்ற இலக்கத்தில் தேசிய மனநல நிறுவனத்தோடு பேசலாம்.

அஸ்வெசும (அரசாங்க நலன்புரிக் கொடுப்பனவு) கிடைக்கவில்லை. நீங்கள் எடுத்துத் தருவீர்களா?

எடுத்துத் தர எங்களால் முடியாது, அதைத் தீர்மானிப்பது அரசாங்கம். விண்ணப்பம், மேன்முறையீடு, ஆட்சேபனை ஆகியவற்றை எழுதித் தருவோம், பிரதேச செயலகத்துக்கு ஒருவர் கூட வருவார். வேலையில் பாதி இதுதான்.

விண்ணப்பம் திரும்பி வருவதற்கு வறுமையை அளந்ததில் வரும் பிழையை விடப் பெயரும் முகவரியும் ஒத்துப்போகாததே அடிக்கடி காரணமாகிறது. பிறப்புச் சான்றிதழில் முகம்மது, அடையாள அட்டையில் மொஹமட், வங்கியில் வெறும் எம். என்று மட்டும். லயத்து வீடுகளில் பலவற்றுக்குத் தனி இலக்கமே இல்லை. பிள்ளைக்குப் பதினைந்து வயதில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும்போதே எழுத்துகளைச் சரிசெய்துகொள்ளுங்கள். சாதாரணதரப் பரீட்சைக்கு ஒரு மாதம் இருக்கும்போது ஓடி வந்தால் எல்லோருக்கும் தலைவலி.

பிள்ளையை உயர்தரத்துக்குக் கண்டிப் பாடசாலைக்கு அனுப்பலாமா?

படிப்புதவி எந்தப் பாடசாலைக்குப் போனாலும் உண்டு: பஸ் பருவச்சீட்டு, கொப்பிகள், விடுதிக் கட்டணத்தில் ஒரு பகுதி. ஆனால் முடிவெடுக்கும் முன் ஒன்றை யோசியுங்கள். பல்கலைக்கழக அனுமதி பெருமளவு மாவட்ட அடிப்படையில் நடக்கிறது. நுவரெலியாவும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதால் அவற்றுக்குக் கூடுதல் இடமும் உண்டு. கினிகத்தேனை நுவரெலியா மாவட்டம், நாவலப்பிட்டி கண்டி மாவட்டம். படித்த பாடசாலை எந்த மாவட்டத்தில் என்பது கணக்கில் வரும். பெரிய பாடசாலையின் பெயருக்காகப் போய், வெட்டுப்புள்ளியில் அடிபட்ட பிள்ளைகள் இருக்கிறார்கள். விஞ்ஞான ஆசிரியரே இல்லாத பாடசாலையில் மாவட்டத்துக்காக உட்கார்ந்திருப்பதும் சரியில்லை. பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலோடு வாருங்கள், உட்கார்ந்து பேசலாம்.

பெண் பிள்ளை பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டால் காரணம் கேட்டு வீட்டுக்கு வருவோம். சில வாப்பாமாருக்கு இது பிடிப்பதில்லை.

கல்யாணம், விவாகரத்து விஷயங்களில் தலையிடுவீர்களா?

கேட்டால் மட்டும். நாங்கள் காதி நீதிமன்றம் அல்ல. 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி தலாக் (கணவர் கேட்கும் விவாகரத்து), பஸ்ஹு (மனைவி காரணம் காட்டிக் கேட்பது), குலா (மனைவி ஈடு கொடுத்துப் பெறுவது), தாபரிப்பு (பராமரிப்புப் பணம்) எல்லாம் காதியிடம்தான். அங்கே சட்டத்தரணி ஆஜராக முடியாது. ஆகவே தம் கதையைத் தாமே சொல்லத் தெரியாத பெண் திணறிவிடுவாள். திகதிகளையும் செலவுகளையும் ஒரு தாளில் வரிசையாக எழுதித் தருவோம், வாசல் வரை பெண் உறுப்பினர் ஒருவர் வருவார். தீர்ப்பில் உடன்பாடில்லை என்றால் காதிகள் சபைக்கு மேன்முறையீடு செய்யலாம். தாபரிப்புப் பணம் கட்டாதவரிடமிருந்து நீதவான் நீதிமன்றம் வழியாக அறவிட வழி உண்டு.

அடி உதை என்றால் "பொறுத்துப் போ மகள்" என்று சொல்ல எங்களிடம் ஆள் இல்லை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் முஸ்லிம்களுக்கும் சேர்த்துத்தான், நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கு 1929. வசதியில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாகச் சட்டத்தரணியைத் தரும்.

1951 சட்டம் குறைந்தபட்ச வயதை உறுதியாக வைக்கவில்லை. பன்னிரண்டுக்குக் கீழ் என்றால் காதியின் அனுமதி என்று மட்டும் சொல்கிறது. மணப்பெண்ணின் கையொப்பத்தையும் அது கட்டாயமாக்கவில்லை. திருத்தம் பற்றிய பேச்சு வருடக்கணக்காக நடக்கிறது. எங்கள் சங்கத்தின் முறை இது: மணமகள் பதினெட்டைத் தாண்டாத கல்யாணத்துக்கு எந்த உதவியும் இல்லை. உதவி பெறும் கல்யாணம் என்றால் பெண்ணின் சம்மதத்தை அவளிடமே, வலி (பெண்ணின் பொறுப்பாளர்) பக்கத்தில் இல்லாதபோது, பெண் உறுப்பினர் கேட்டு எழுதி வாங்குவார். பதிவில்லாத நிக்காஹ்வுக்கும் வரமாட்டோம்.

மண்சரிவு எச்சரிக்கை வந்தால் சங்கம் என்ன செய்யும்?

பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் தமிழிலும் சிங்களத்திலும் அறிவிப்போம். மத்ரஸாக் கட்டடத்தைத் திறந்துவிடுவோம், எல்லோருக்கும். சமைத்த சாப்பாடு முதல் இரண்டு நாள், அப்புறம் உலர் உணவு.

தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலைகளில் எச்சரிக்கும். 24 மணி நேரத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பு, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். ஆனால் இரவு பதினொரு மணிக்கு யாரும் மழையை அளந்துகொண்டிருக்கமாட்டார்கள். சுவரிலும் தரையிலும் புது வெடிப்பு, கதவு இறுகுதல், மரமும் மின்கம்பமும் சாய்தல், புது இடத்தில் ஊற்று, தெளிந்த பீலித் தண்ணீர் திடீரெனக் கலங்குதல் அல்லது நின்றுபோதல் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் அறிவிப்புக்குக் காத்திராமல் இறங்கிவிடுங்கள். 117 அனர்த்த முகாமைத்துவ நிலையம்.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் புதையுண்டன. அந்த இடம் ஆபத்தானது என்று முன்பே எச்சரித்திருந்தார்கள், மாற்று இடம் மட்டும் கிடைத்திருக்கவில்லை. 2016இல் அரநாயக்கவிலும் மண் சரிந்தது. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் ஒரே நேரத்தில் பாதைகளும் தொலைபேசியும் அறுந்துபோயின. அன்றிலிருந்து நாங்கள் அரிசியை நகரத்தில் ஒரே அறையில் குவித்து வைப்பதில்லை. மேலே மூன்று நான்கு இடங்களில் பிரித்து வைத்திருக்கிறோம், அதில் ஒன்று ஒரு கோவில் மண்டபம். சாவி கோவில் நிர்வாகத்திடம் இருக்கிறது.

உடைகள் அனுப்புகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பழைய சாரி மூட்டைகள் வேண்டாம். புதிய உள்ளாடை, பெண்களுக்கான நாப்கின், குழந்தை பால்மா, டோர்ச், பாய் அனுப்புங்கள்.

உழ்ஹிய்யா (ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானி) இறைச்சி தோட்டங்களுக்கும் வருமா?

முஸ்லிம் குடும்பங்களுக்கு வரும். மாட்டுக்குரிய உரிமைச் சீட்டும் கொண்டுவர அனுமதியும் முன்கூட்டியே எடுப்போம், போயா (பௌர்ணமி) தினத்தில் அறுப்பதில்லை. அயலவர்களுக்குக் கேட்காமல் அனுப்ப வேண்டாம். மாட்டிறைச்சி சாப்பிடாத வீடுகளே அதிகம். அவர்களுக்கு வட்டிலப்பம் அனுப்புங்கள். கழிவுகளை ஆற்றிலோ ஓடையிலோ போட்டவர்களுக்கு அடுத்த வருடம் சங்கம் மாடு ஏற்பாடு செய்து தராது.

கணக்கை யார் பார்க்கிறார்கள்?

வருடக் கணக்கு ரமழானுக்கு முந்தைய ஜும்ஆவில் வாசிக்கப்படும், பள்ளிவாசல் பலகையில் ஒட்டப்படும். ஸகாத், ஸதகா, வட்டிப் பணம், அனர்த்த நிதி நான்கும் தனித்தனி. பெறுபவர்களின் பெயர் மட்டும் வெளியே வராது. நிர்வாகிகளுக்குச் சம்பளம் இல்லை, பெட்ரோல் செலவுக்குப் பற்றுச்சீட்டு கட்டாயம்.

என்னிடம் பணம் இல்லை, ஆனால் உதவ விரும்புகிறேன்.

எங்களுக்கு அதிகம் தேவைப்படுவது சிங்களத்தில் பிழையில்லாமல் கடிதம் எழுதத் தெரிந்தவர்கள்தான். அடுத்து, மலைப் பாதையில் மழையில் வேன் ஓட்டத் துணிந்தவர்கள், கப்ர் வெட்டத் தெரிந்த இளைஞர்கள், ஜனாஸா குளிப்பாட்டப் பழக விரும்பும் பெண்கள். பதினெட்டு வயதுக்கு மேல், ஐம்பது கிலோவுக்கு மேல் இருந்தால் நான்கு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்கலாம். மஃரிப் (அந்தி) தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வளாகத்தில் உள்ள சங்கத்தின் அறை திறந்திருக்கும். வரும்போது ஒரு பேனையும் கொண்டு வாருங்கள், எங்களிடம் இருப்பதை எல்லாம் படிவம் நிரப்ப வந்தவர்கள் எடுத்துப் போய்விடுகிறார்கள்.